ஏரிதானே, ஏன் இன்னும் கிளம்பவில்லை?

தேவகோட்டையிலிருந்து நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்ட அளவில் முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகளும் மாப்பிள்ளையும் நாற்பது அடிப் படகில் அமெரிக்காவின் கிழக்குப் பாதியை நீர்வழியாகவே சுற்றிவரும் ‘கிரேட் லூப்’ பயணத்தில் இருக்கிறார்கள். மிச்சிகன் ஏரிக்கரையில் லடிங்டன் என்ற துறையில் இரண்டு ராத்திரி தங்குவதாகச் சொன்னவர்கள், ஏழாவது நாளும் அங்கேயே இருக்கிறார்கள். கேட்டால் “காத்து சரியில்லை” என்கிறார்கள். அவர்கள் அனுப்பும் படத்திலோ வானம் பளிச்சென்று இருக்கிறது, பெரிய கப்பல் ஒன்று வழக்கம்போலப் புறப்பட்டுப் போகிறது. கடல்கூட இல்லை, ஏரிதானே என்று கேட்கிறீர்கள். ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் வீட்டில் கல்யாணம். அதற்கு அவர்கள் சிகாகோ போய் விமானம் ஏற வேண்டும். அந்தத் தேதிக்குள் வந்துசேரச் சொல்லித் தினமும் பேசுகிறீர்கள். இத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரே கவலைதான்: பிள்ளைகள் எதையாவது மறைக்கிறார்களா, ஆபத்தில் இருக்கிறார்களா?

நான் சரக்குக் கப்பலில் அதிகாரியாகவும் பிறகு கேப்டனாகவும் இருந்து ஓய்வு பெற்று, பள்ளத்தூரில் இருப்பவன். செயின்ட் லாரன்ஸ் நீர்வழியாக இரும்பை ஏற்றிக்கொண்டு, மிச்சிகனும் சேர்ந்த அந்தப் பேரேரிகளுக்குள் போய், தானியத்தோடு திரும்பிய கப்பல்களில் வேலை பார்த்திருக்கிறேன். மிச்சிகன் ஏரியை நல்ல நாளிலும் பார்த்தேன், மோசமான நாளிலும் பார்த்தேன். ஆனால் இருநூறு மீட்டர் கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்த்தவன். நாற்பது அடிப் படகில் குடும்பம் நடத்துவதைப் பற்றி எனக்குத் தெரிந்தது, ஓய்வுக்குப் பிறகு அப்படி வாழும் நண்பர்களிடமிருந்து வந்தது. காற்று, அலை, துறை இவற்றைப் பற்றிச் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளைகளின் படகைப் பற்றிச் சொல்வது ஊகம். அந்த இடங்களில் ஊகம் என்றே சொல்கிறேன்.

‘ஏரி’ என்ற சொல் நமக்குக் கண்மாய்க் கரையைத்தான் நினைவுபடுத்தும். மிச்சிகன் ஏரியின் பரப்பு சுமார் 58,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவு. வடக்கு தெற்காக 490 கிலோமீட்டருக்கு மேல் நீளம், அகலமான இடத்தில் 190 கிலோமீட்டர், ஆழமான இடத்தில் 281 மீட்டர். தொண்டிக் கரையில் நின்றால் எதிர்க்கரை தெரியாததுபோல லடிங்டன் கரையில் நின்றாலும் தெரியாது. உப்பு இல்லை, கண்ணுக்குத் தெரிகிற ஏற்றவற்றம் இல்லை. மற்றபடி அதைக் கடலாகவே நினைத்துக்கொள்ளுங்கள். சிறு படகுக்குச் சில வகையில் அது கடலைவிடக் கடினம். இது மிகைப்படுத்தல் இல்லை, காரணம் உண்டு.

ஓர் அலை எவ்வளவு பெரிதாகும் என்பது மூன்று விஷயங்களைப் பொறுத்தது: காற்றின் வேகம், அது வீசும் நேரம், தடையில்லாமல் அது ஓடிவரும் தூரம். பெருங்கடலில் அந்தத் தூரம் ஆயிரக்கணக்கான மைல். அதனால் அலை உயரமாக இருந்தாலும் நீளமாகவும் இருக்கும். ஓர் அலை உச்சிக்கும் அடுத்த உச்சிக்கும் பத்துப் பன்னிரண்டு விநாடி இடைவெளி என்றால், ஆழ்நீரில் அந்த அலையின் நீளம் 150 முதல் 225 மீட்டர். சிறு படகு அதன்மேல் நிதானமாக ஏறி இறங்கிவிடும். ஏரியில் காற்று ஓடும் தூரம் குறைவு, அதனால் அலை நீள நேரம் இல்லை. நான்கிலிருந்து ஆறு விநாடிக்கு ஒன்றாக வரும். நான்கு விநாடி அலையின் நீளம் சுமார் 25 மீட்டர்தான். உங்கள் பிள்ளைகளின் படகு 12 மீட்டர். முன்பக்கம் ஒரு அலையில் ஏறும்போதே பின்பக்கம் பள்ளத்தில் இருக்கும். ஏறி முடிப்பதற்குள் அடுத்தது வந்து மோதும். உழுத வயலின் குறுக்கே சைக்கிள் ஓட்டுவதுபோல மணிக்கணக்கில் போக வேண்டும். லடிங்டனுக்கு நேர் மேற்கே ஏரியின் குறுக்களவு ஏறக்குறைய 60 மைல். மேற்கிலிருந்து வரும் மேல்காற்று 25 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 46 கிலோமீட்டரில், அரைநாள் தொடர்ந்து அடித்தால் அங்கே ஆறடி அலை எழும். தென்மேற்கிலிருந்தோ வடக்கிலிருந்தோ காற்று வந்தால் ஓடும் தூரம் இன்னும் அதிகம், அலையும் அதிகம். அந்த நாட்டு வானிலைத் துறை பேரேரிகளில் 22 நாட் காற்றுக்கும் நாலடி அலைக்குமே சிறு படகுகளுக்கு எச்சரிக்கை விடுகிறது.

படத்தில் நீங்கள் பார்த்த பெரிய கப்பல் ‘பேட்ஜர்’ ஆகத்தான் இருக்கும். 1953 முதல் ஓடும் நீராவிக் கப்பல், இன்றும் நிலக்கரியில்தான் ஓடுகிறது. கார்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு எதிர்க்கரையிலுள்ள மானிடவாக்குக்கு நான்கு மணி நேரத்தில் போகும். அதன் நீளம் 410 அடி. ஒரே நேரத்தில் நான்கைந்து அலைகள் அதன் அடியில் கிடக்கும், பள்ளத்தில் விழ அதற்கு இடமே இல்லை. அதே நீரில் நாற்பது அடிப் படகு ஒவ்வொரு பள்ளத்திலும் விழும். ஆகவே கப்பல் போகிறதே என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

நீல வானமும் அப்படித்தான். நம் ஊரில் மோசமான காற்று என்றால் கருமேகமும் மழையும் கூடவே வரும். அங்கே குளிர்காற்றின் முனை ஒன்று கடந்துபோன பிறகுதான் வானம் துடைத்ததுபோல் தெளியும். அதன் பின்னாலேயே வடமேற்குக் காற்று பலமாக இறங்கும். நான் அந்த ஏரியில் பார்த்த சீறலான நாட்கள் பல, நல்ல வெயில் நாட்கள். அவர்கள் அனுப்பிய படம் அவர்கள் சொன்ன காரணத்துக்கு எதிரான சாட்சி இல்லை.

இதற்கெல்லாம் மேலே துறையின் வாய் இருக்கிறது. என் கணிப்பில் உங்கள் பிள்ளைகள் காத்திருப்பதற்கு இதுவே முதல் காரணமாக இருக்க வேண்டும். மிச்சிகன் ஏரியின் கிழக்குக் கரையில் பல துறைகள் ஒரே அமைப்பு: ஒரு ஆறு வந்து உள்ளே சிறு ஏரியாகத் தேங்கும், அங்கிருந்து ஒரு வாய்க்கால் பெரிய ஏரிக்குள் திறக்கும், அதன் இருபுறமும் கற்சுவர். லடிங்டனில் உள்ளே இருப்பது பேர் மார்க்கெட் ஏரி. உள்ளே தண்ணீர் தட்டில் ஊற்றியதுபோல இருக்கும். வெளியே மேல்காற்று அடித்தால் அலை நேராக அந்த வாய்க்குள்தான் வரும். சுவரில் மோதித் திரும்பும் அலையும் புதிதாக வரும் அலையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். வெளியே ஓடும் ஆற்றுநீர் எதிர்த்து வரும் அலையை இன்னும் செங்குத்தாக்கும். நடு ஏரியில் சமாளிக்கக்கூடிய அலை, துறைவாயில் படகைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடும். அதுவும் இங்கே இருந்து கிளம்பினால் போதாது, சாயங்காலம் அதே மாதிரியான இன்னொரு வாய்க்குள் நுழைந்தாக வேண்டும். காற்று கரையை நோக்கித் தள்ளும்போது எஞ்சின் நின்றுபோனால் ஒதுங்க இடமே கிடையாது. 1940 நவம்பர் 11 புயலில் லடிங்டனுக்குத் தெற்கே பென்ட்வாட்டர் பக்கத்தில் டேவக், மின்ச் என்ற இரண்டு பெரிய சரக்குக் கப்பல்கள் ஆட்கள் அனைவரோடும் போயின. நோவாடாக் என்ற மூன்றாவது கப்பல் தரைதட்டி உடைந்தது. அதில் எஞ்சியவர்களை ஒரு மீன்பிடிப் படகு போய்க் கூட்டிவந்தது. அது நவம்பர், ஆகஸ்டில் அப்படி நடப்பதில்லை. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் கரையில் படகு வைத்திருப்பவர்களுக்கு மேல்காற்று என்றால் என்ன என்பது தலைமுறையாகத் தெரியும், பக்கத்தில் கட்டியிருக்கும் உள்ளூர்க்காரர் “இன்று வேண்டாம்” என்றால் அதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

நன்னீர் லேசானது, அதனால்தான் அலை கூர்மையாக எழுகிறது என்று அங்கே பலர் சொல்லக் கேட்பீர்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கடல்நீருக்கும் நன்னீருக்கும் அடர்த்தி வித்தியாசம் நூற்றுக்கு இரண்டரைதான். ஏற்றிய கப்பல் சில அங்குலம் கூடுதலாக அமிழும், நாங்கள் அதைக் கணக்கில் எடுப்போம். அலையின் குணத்தை மாற்றுவது காற்று ஓடும் தூரம்தான்.

இப்போது அந்தத் துறையில் அவர்கள் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்பது. மொத்தச் சுற்று கிட்டத்தட்ட 6,000 மைல். அட்லாண்டிக் கரையோரம் வடக்கே ஏறி, ஹட்சன் ஆறு, ஈரி கால்வாய், பேரேரிகள், சிகாகோ வழியாக இல்லினாய், மிசிசிப்பி ஆறுகள், பிறகு டென்னசி, டோம்பிக்பீ வழியாக மொபைல் விரிகுடாவுக்கு இறங்கி, புளோரிடாவைச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கு வருவது. பெரும்பாலோர் ஒரு வருஷம் எடுத்துக்கொள்கிறார்கள். அதில் ஓடுகிற நாளைவிடக் கட்டிக் கிடக்கிற நாள் அதிகம். துறை என்பது அவர்களுக்கு இடைத்தங்கல் இல்லை, வீடே அதுதான். கரையிலிருந்து மின்சாரம் இழுத்துக்கொள்வார்கள், நல்ல தண்ணீர் நிரப்புவார்கள். கழிவறைக் கழிவை ஏரியில் விடக்கூடாது, தொட்டியில் சேர்த்துத் துறையில்தான் உறிஞ்சி எடுக்க வேண்டும். துணி துவைப்பது, சாமான் வாங்குவது, எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றுவது எல்லாம் அங்கேதான். அவர்கள் தனியாகவும் இல்லை. லூப் சங்கத்தின் கொடி ஒன்று உண்டு, முதல் சுற்றில் இருப்பவருக்கு வெள்ளை, முடித்தவருக்குத் தங்க நிறம். அந்தக் கொடியோடு இன்னும் சில படகுகள் பக்கத்திலேயே கட்டியிருக்கும். சாயங்காலம் கூடி, நாளைய காற்றைப் பற்றிப் பேசுவதுதான் அவர்களின் வழக்கம். லடிங்டன் அழகான ஊர். மணல்மேடுகளும், 1867 முதல் நிற்கும் பிக் சேபிள் கலங்கரை விளக்கமும் இருக்கின்றன. ஏழு நாள் அங்கே இருப்பது தண்டனை இல்லை.

வெளியே போகாதவரை கவலை இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். துறைக்குள்ளேயே மூன்று ஆபத்துகள் உண்டு. மகளிடம் பேசும்போது கிளம்பும் தேதியை விட்டுவிட்டு இவற்றைக் கேளுங்கள். ஒன்று, மேல்காற்று நாளில் அலைதடுப்புச் சுவர்மேல் நடந்து விளக்குவரை போய்ப் படம் எடுப்பது. அலை சுவரைத் தாண்டி அடிக்கும், கால் நிற்காது. காற்றழுத்தம் திடீரென்று மாறும்போது அந்த ஏரியின் நீர்மட்டமே சில நிமிடத்தில் எழுந்துவிடுவதும் உண்டு. 1954 ஜூன் 26 அன்று சிகாகோவில் அப்படி எழுந்த நீர் கரையில் மீன்பிடித்துக்கொண்டிருந்தவர்களை அடித்துப் போனதில் எட்டுப் பேர் இறந்தார்கள். 2018 ஏப்ரலில் லடிங்டனிலேயே நீர் எழுந்து தடுப்புச் சுவரை மூடியது.

இரண்டாவதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மகள் கண்மாயில் நீந்திப் பழகியவள், தண்ணீரைக் கண்டால் இறங்கிவிடுவாள் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். படகுகள் கட்டியிருக்கும் இடத்தில், கரை மின்சாரம் இருக்கும் இடத்தில், நன்னீரில் இறங்கவே கூடாது. ஏதாவது ஒரு படகில் மின்கசிவு இருந்தால் அது தண்ணீரில் பரவும். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் பெரும்பகுதி ஆளைச் சுற்றிப் போய்விடும். நன்னீர் சரியாகக் கடத்தாது, மனித உடம்பு அதைவிட நன்றாகக் கடத்தும், அதனால் மின்சாரம் உடம்பு வழியாகவே பாயும். மிகச் சிறிய கசிவே தசையை இயங்கவிடாமல் செய்துவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் சத்தமே இல்லாமல் மூழ்கியிருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எந்த அடையாளமும் தெரியாது, காப்பாற்றக் குதித்தவரும் மாட்டிக்கொள்வார். மணல் கடற்கரையில் நீந்தட்டும், படகுத்துறையில் வேண்டாம். ஒருவர் தவறி விழுந்துவிட்டால் உடனே கரை மின்சாரத்தை அணைத்துவிட்டுத்தான் கயிறோ மிதவையோ வீச வேண்டும்.

மூன்றாவது, ஜெனரேட்டர் புகை. அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. படுக்கும் அறையில் அதற்கான எச்சரிக்கை மணி வேலை செய்கிறதா என்று மாப்பிள்ளையிடம் கேளுங்கள். கூடவே இன்னொன்றும் கேட்கலாம்: அவருக்கு உடம்பு முடியாமல் போனால் உங்கள் மகள் தனியாகவே படகைத் துறைக்குள் கொண்டுவருவாளா? ரேடியோவில் 16ஆம் அலைவரிசையில் உதவி கேட்கத் தெரியுமா? ஓடும்போது இருவரும் உயிர்காப்பு உடுப்பு போட்டிருக்கிறார்களா? இரண்டு பேர் மட்டும் இருக்கும் படகில் ஒருவர் தண்ணீரில் விழுந்தால் மிஞ்சுவது ஒருவர்தான். அந்த ஒருவருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். கோடையில்கூட வடகாற்று இரண்டு நாள் அடித்தால் கிழக்குக் கரையில் மேல்நீர் விலகி, அடியிலிருந்து குளிர்ந்த நீர் ஏறிவிடும். நேற்று இதமாக இருந்த தண்ணீர் இன்று விறைக்கவைக்கும்.

சரி, காற்று மட்டும்தான் காரணமா? இங்கேதான் நான் ஊகிக்கிறேன். ஆகஸ்டில் ஏழு நாள் தொடர்ந்து போகமுடியாமல் இருப்பது கொஞ்சம் அதிகம். நடுவில் ஒன்றிரண்டு அமைதியான காலைகள் கிடைத்திருக்கலாம், ஆனால் அடுத்த துறைவாய்க்குள் நுழையும் நேரத்தில் காற்று ஏறும் என்று முன்னறிவிப்பு சொல்லியிருக்கலாம். ஏதாவது உதிரிபாகம் கூரியரில் வரக் காத்திருக்கலாம். ஒருவருக்கு உடம்பு அசதியாக இருக்கலாம். முந்தின ஓட்டத்தில் அலையில் சிக்கிப் பயந்துபோய், அதைப் பெற்றோரிடம் சொல்லத் தயங்கலாம், புதிதாகப் போகிறவர்களுக்கு இது நடக்கக்கூடியதே. எதுவாக இருந்தாலும் துறையில் இருப்பதுதான் சரியான இடம். பதற்றமில்லாமல் கேட்டால் சொல்வார்கள். காற்றை நீங்களே சரிபார்க்கலாம்: அந்த நாட்டு வானிலைத் துறை ஏரியின் ஒவ்வொரு பகுதிக்கும் காற்றும் அலை உயரமும் தினமும் பலமுறை வெளியிடுகிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். படகில் அதன் இருப்பிடத்தை ரேடியோவில் அறிவிக்கும் ஏஐஎஸ் கருவி இருந்தால் அது எங்கே இருக்கிறது என்பதும் கைப்பேசி வரைபடத்தில் புள்ளியாகத் தெரியும். ஆனால் அந்தப் புள்ளி மறைந்தால் உடனே கலங்க வேண்டாம். சிறு படகின் சமிக்ஞை பலம் குறைவு, கரையிலுள்ள ஏற்பிக்கு எட்டாவிட்டால் மணிக்கணக்கில் காணாமல் போகும். அங்கே மதியம் 12 என்றால் நமக்கு இரவு 9.30. அவர்கள் கட்டிமுடித்துச் சாப்பிட உட்காரும்போது நாம் தூக்கத்தில் இருப்போம்.

இனி கல்யாணத் தேதி. நீங்கள் கேட்காவிட்டாலும் நான் சொல்லியே ஆக வேண்டியது இது. சிறு படகுக்காரரை மோசமான நீரில் இறக்குவது பெரும்பாலும் அறியாமை இல்லை, ஒரு தேதி. விமானச் சீட்டு, விசேஷம், யாரோ துறையில் காத்திருப்பது. இத்தனை மணிக்கு அங்கே இருக்க வேண்டும் என்று மனதில் விழுந்துவிட்டால், ஆறடி அலை நாலடியாகக் கண்ணுக்குத் தெரியும். பயிற்சி பெற்ற கேப்டன்களுக்கே இது நடக்கும், எனக்குப் பின்னால் வந்த இளைஞர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இது புதிதில்லை. மலேயாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, போனவர்கள் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார்கள். அங்கே ஆழம் போதாததால் ‘ராஜுலா’ போன்ற கப்பல்கள் வெளியே நங்கூரம் போட்டு நிற்கும், தோணியில்தான் போய் ஏற வேண்டும். வாடைக் காற்று முறுக்கினால் தோணி போகாது. வீட்டில் என்ன விசேஷமாக இருந்தாலும் காத்திருந்தார்கள்.

உங்கள் பிள்ளைகளுக்கு அதைவிட வசதி இருக்கிறது. படகோடு சிகாகோ போய்த்தான் விமானம் ஏற வேண்டும் என்பதில்லை. படகை லடிங்டனிலோ தெற்கே மஸ்கீகனிலோ ஒரு துறையில் வாடகைக்குக் கட்டிப் பூட்டிவிட்டு, கார் எடுத்தால் நாலரை மணி நேரத்துக்குள் சிகாகோ. கல்யாணத்துக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போய்ப் பயணத்தைத் தொடரலாம். ஒரே ஒரு கணக்கு பார்க்க வேண்டும்: செப்டம்பர் பாதிக்குமேல் அந்த ஏரியில் காற்று பலக்கும், அமைதியான நாட்கள் குறையும். அதனால் லூப் போகிறவர்கள் செப்டம்பர் முதல் பாதிக்குள் சிகாகோவைத் தாண்டப் பார்ப்பார்கள். கல்யாணம் முடிந்து அவர்கள் திரும்பும்போது செப்டம்பர் கடைசியாகிவிடும் என்றால், மிச்சமுள்ள தூரத்தைக் கரையோரமாகச் சின்னச் சின்ன ஓட்டமாக முடிக்க வேண்டும். அது முடியும். மிச்சிகன் மாநிலம் 1947 முதல் திட்டமிட்டு, கரையோரம் எங்கே இருந்தாலும் 15 மைலுக்குள் ஒதுங்க ஒரு துறை இருக்க வேண்டும் என்று கட்டிக்கொண்டே வந்திருக்கிறது. படகை எங்கே விடுவது, எப்போது எடுப்பது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். “கல்யாணத்துக்கு நீங்கள் வந்தால் போதும், படகு எங்கே இருந்தாலும் சரி” என்று இன்றிரவு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, நீங்களும் உங்கள் வீட்டு ஆச்சியும் சில நாள் அந்தப் படகில் போய் இருக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக. ஆனால் பேரேரியில் வேண்டாம், அக்டோபர் கடைசிக்குமேல் அவர்கள் டென்னசி, டோம்பிக்பீ ஆறுகளில் இறங்கும்போது போய்ச் சேருங்கள். இருபுறமும் கரை, அலை கிடையாது, சாயங்காலத்துக்குள் கட்டிவிடுவார்கள், ஆச்சிக்குத் தலைசுற்றல் பயமும் இருக்காது. படகுக்குள் இறங்கும் படி செங்குத்தாக இருக்கும், முழங்கால் வலி இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தேன்குழலும் மாவுருண்டை மாவும் கொண்டுபோகலாம், விமான நிலையத்தில் கேட்கும் படிவத்தில் மறைக்காமல் எழுதிவிட வேண்டும். பச்சைக் கறிவேப்பிலை மட்டும் எடுத்துப் போகாதீர்கள், அந்த நாட்டில் அதற்கு அனுமதி இல்லை.